டெலிபோனும் வோட்டரும்

தேர்தல் வந்துவிட்டால் இக்காலத்தில் கட்சிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது மேடையன்று, டெலிபோன். சிறிது நேரத்தில் லக்ஷம் பேருக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். தலைவரின் குரலைப் பதிவு செய்து வீடுதோறும் ஒலிக்கச் செய்யலாம். இச்சௌகரியத்தைக் கண்டு ஊழியர்களிற் பலர் பிரசாரமே முடிந்துவிட்டதாக எண்ணி மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சியில் நாம் பங்கு கொள்வதற்கில்லை.

2004-ஆம் வருஷத்துப் பாராளுமன்றத் தேர்தலின்போது பிரதம மந்திரியாயிருந்த ஸ்ரீ அடல் பிகாரி வாஜ்பாயின் பதிவு செய்த குரல் டெலிபோன்களின் வழியே வோட்டர்களை நாடிச் சென்றது. ஆனால் அவ்வருஷம் இந்தியாவில் நூறு பேருக்குப் பத்து டெலிபோன்கூட இல்லை. கிராமங்களில் அதனினும் மிகக் குறைவு. தேர்தலில் அவருடைய கட்சி ஆட்சியை இழந்தது. தோல்விக்கு அவ்வழைப்பே காரணம் என்பது நமது வாதமன்று. கேட்டவன் மறுமொழி சொல்ல வழியில்லாத பேச்சு அது என்பதையே சுட்டுகிறோம். கிணறு வற்றிய குடியானவன் தன் குறையைப் பதிவு செய்த குரலிடமா முறையிடுவான்?

அமெரிக்காவில் இவ்விஷயத்தைச் சோதித்தே பார்த்திருக்கின்றனர். 1998-ஆம் வருஷத் தேர்தலில், நியூ ஹேவன் நகரத்தில், யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆலன் கெர்பரும் டொனால்டு கிரீனும் வோட்டர்களில் சிலரிடம் நேரில் ஆளனுப்பினர். சிலரைக் கூலிக் கம்பெனியைக் கொண்டு டெலிபோனில் அழைத்தனர். நேரில் கண்டவர்களிடையே வாக்களித்தோர் தொகை நன்கு உயர்ந்தது. டெலிபோனால் ஏறக்குறைய ஒரு பயனும் இல்லை. இதைக் கொண்டு டெலிபோனையே ஒதுக்கிவிடுவதும் தவறு. 2006-இல் டேவிட் நிக்கர்ஸன் வெளியிட்ட ஆராய்ச்சியில், கூலியின்றித் தொண்டர்களே அவசரமின்றி உரையாடிய அழைப்புகள் வோட்டர்களைச் சாவடிக்கு வரச் செய்தது தெளிவாயிற்று. கருவி ஒன்றே; பேசியவன் வேறு.

ஆகையால் தொண்டர்கள் பாகம் பாகமாக வோட்டர் பட்டியலைப் பங்கிட்டுக்கொண்டு, வேலை முடிந்து வீடு திரும்பும் வேளை பார்த்து அழைப்பார்களாக. பெயரைச் சொல்லி விசாரித்து, கேட்ட குறையைப் பட்டியலின் ஓரத்திலே குறித்து, மறுமுறை அதைப் பற்றியே பேச வேண்டும். ஒரு மாலையில் சிலரோடுதான் பேச முடியும். அதனால் பாதகமில்லை.

பதிவு செய்த குரலில் வேறோர் அபாயமும் உண்டு. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யத்தில், ஜனாதிபதி பைடனின் குரலை யந்திரத்தால் போலி செய்து, முதற்கட்டத் தேர்தலில் வாக்களிக்க வேண்டாமென்று ஜனங்களை அழைத்தனர். அடுத்த மாதமே அந்நாட்டுத் தகவல் தொடர்புக் கமிஷன், கேட்பவரின் சம்மதமின்றி இத்தகைய குரலால் அழைப்பது சட்ட விரோதமென்று தீர்ப்பளித்தது. தெரிந்த ஊழியன் அழைத்துப் பழகிய வீட்டில் இப்போலி அவ்வளவு எளிதில் நுழையுமா?

நம் தேசத்தில் வாக்குப் பதிவு முடியுமுன் உள்ள 48 மணி நேரத்தில் மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதைத் தேர்தல் கமிஷன் தடுத்திருக்கிறது. வீடு வீடாகச் செல்வதைத் தடுக்கவில்லை. பட்டியலின் ஓரத்தில் குறித்து வைத்த தொண்டனுக்கு எந்த வீட்டின் கதவை முதலில் தட்ட வேண்டுமென்று அப்பொழுது தெரியும்.