கணனிப் பாதுகாப்பில் அசட்டை ஆகாது

வாயிலில் காவலாளியை நிறுத்தும் நிறுவனங்கள், உள்ளே மேசைகளின் மீதுள்ள கணனிகளைக் காப்பதில் அதே கவனத்தைக் காட்டுவதில்லை. ஊழியர் ஒருவரின் கணனியோ கைத்தொலைபேசியோ நிறுவனத்தின் வலையமைப்புடன் இணைந்திருக்குமாயின், அதுவும் ஒரு வாயிலே என்பதை மறந்துவிடலாகாது.

2017 மே 12 ஆம் திகதி பரவத் தொடங்கிய 'வனாக்ரை' எனும் தீய மென்பொருள் இதனை உலகுக்கு உணர்த்தியது. கணனியிலுள்ள கோப்புகளைத் திறக்க முடியாதவாறு பூட்டிவிட்டு, விடுவிப்பதற்குக் கப்பம் கோருவது அதன் வேலை. சுமார் 150 நாடுகளில் கணனிகள் முடங்கின. இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளில் ஆயிரக்கணக்கான நோயாளர்களின் சிகிச்சை நேரங்கள் இரத்துச் செய்யப்பட்டன. ஆனால், அம்மென்பொருள் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்னர், மார்ச் 14 ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. மருந்து கையிலிருந்தும் உட்கொள்ளாத நோயாளியின் கதையே அங்கு நிகழ்ந்தது.

நமது நாடும் இதற்கு விதிவிலக்கல்ல. 2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை இத்தகைய தாக்குதலுக்கு இலக்கானது. சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான தரவுகள் இழக்கப்பட்டன. காலாவதியான மென்பொருள் பயன்பாட்டில் இருந்ததும், அக்காலப்பகுதிக்குரிய பிரதிகள் வலையமைப்புக்கு வெளியே பேணப்படாததுமே இழப்புக்கு வழிவகுத்தன.

இவ்விரு சம்பவங்களும் புகட்டும் பாடம் ஒன்றே. வைரஸ் எதிர்ப்பு மென்பொருளை நிறுவிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அது பெரும்பாலும் ஏற்கனவே அறியப்பட்ட வைரஸ்களையே இனங்காணும். எனவே, நிறுவனம் முதலில் தன்னிடமுள்ள கணனிகள், மடிக்கணனிகள், தொலைபேசிகள் அனைத்தையும் பட்டியலிட வேண்டும். பட்டியலில் இல்லாத கணனியை எவரும் பராமரிப்பதில்லை. பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமதமின்றி நிறுவ வேண்டும். நாளாந்தப் பணிக்கான கணக்குகளுக்கு நிர்வாகி அதிகாரம் வழங்கலாகாது. முக்கிய கோப்புகளின் பிரதியொன்றை வலையமைப்பிலிருந்து துண்டித்து வைப்பதோடு, அதிலிருந்து தரவுகளை மீட்க முடிகின்றதா என்பதையும் இடையிடையே பரீட்சிக்க வேண்டும். கணனியில் சந்தேகத்துக்குரிய மாற்றம் தென்பட்டால், உடனே வலையமைப்பு இணைப்பைத் துண்டித்து உரியவருக்கு அறிவிக்க ஊழியர்களைப் பழக்க வேண்டும். தவறை ஒப்புக்கொள்பவர் தண்டிக்கப்படுவாராயின், அடுத்தவர் அதனை மறைக்கவே முற்படுவார்.

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவடைந்துள்ளது. நீடிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் இணையாது அதனைத் தொடர்ந்து பயன்படுத்தும் கணனிகளுக்குப் புதிய திருத்தங்கள் கிடைக்கப்போவதில்லை. பாடசாலைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் சிறு வர்த்தக நிலையங்களும் இதனைக் கவனத்திற் கொள்வது அவசியமாகும்.

இப்பொறுப்பைக் கணனிப் பிரிவு உத்தியோகத்தர் ஒருவரின் தலையில் சுமத்திவிட்டு நிர்வாகம் ஒதுங்கிவிட முடியாது. நிதியும் அதிகாரமும் நிர்வாகத்திடமே உள்ளன. இழந்த தரவுகளைத் தேடி அலைவதிலும் பார்க்க, வருமுன் காப்பதே அறிவுடைமையாகும்.