விலாங்கு புறப்படும் மாதம்

இலையுதிர் காலம் என்றால் நமக்கு நாள்காட்டிப் படம்தான். சிவந்த மேப்பிள் இலை, ஈரம் படிந்த மரப்பலகை, கழுத்தில் சால்வை சுற்றிய ஜோடி. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற ஊரில் பிறந்த நாம் பருவங்களைப் பாடநூலில் படித்ததோடு சரி. வானொலியில் இலையுதிர் காலத்தைப் பற்றி உருகி உருகிப் பேசிப் பாடல் போடும் எங்களுக்குத் தெரிந்த ஒரே குளிர் ஒலிப்பதிவுக்கூடத்துக் குளிர்சாதனம்தான்.

கடந்த மார்ச்சில் மெல்பர்ன் போயிருந்தேன். பூமத்திய ரேகைக்குத் தெற்கே எல்லாம் தலைகீழ். மார்ச் 1ஆம் தேதி அங்கே இலையுதிர் காலத்தின் முதல் நாள். என் ஆறாம் படிவத் தோழி ஒன்பது ஆண்டுகளாக அங்கே இருக்கிறாள். மழைநீர் வடிகால் பொறியாளர். சனிக்கிழமை காலையில் அரச தாவரவியல் பூங்காவில் நடப்பது அவள் வழக்கம். ஏழரைக்குக் கதவு திறக்கிறார்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது. மார்ச் நடுவில் சூரியன் எழுவதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். காலை நிகழ்ச்சிக்காக நான்கு மணிக்கே விழித்துப் பழகிய எனக்கு அது தாமதமான காலை. அவளுக்கோ நடுநிசி போல. "ஒனக்காகத்தான்டி இவ்ளோ சீக்கிரம்" என்று நான்கு தடவை சொல்லிவிட்டாள்.

நகரத்தின் நடுவில் ஏறத்தாழ 38 ஹெக்டர். 1846இல் தொடங்கிய தோட்டம். ஒரு காலத்தில் இதை வளர்த்தவர் ஃபெர்டினண்ட் வான் முல்லர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர். செடிகளை ஆராய்ச்சிக்கு ஏற்றபடி வளர்த்தார். ஊர்மக்களுக்கு அது போதவில்லை, அழகான தோட்டம் வேண்டும் என்றார்கள். 1873இல் அவரிடமிருந்து பூங்காவை எடுத்து வில்லியம் கில்ஃபாயிலிடம் கொடுத்தார்கள். வளைந்து நெளியும் பாதைகள், சரிந்து இறங்கும் புல்வெளி, திரும்பும் இடமெல்லாம் ஒரு காட்சி என்று இன்று நாம் படம் எடுத்துத் தள்ளுவதெல்லாம் அவர் கைவண்ணம். விஷயம் தெரிந்தவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டுப் பார்க்க நன்றாகச் செய்பவரைக் கொண்டுவருவது, ஊடகத்தில் இருக்கும் எனக்குப் புதிய கதை அல்ல.

நான் தேடியது சிவப்பு இலையை. ஓக் மரங்கள் நிற்கும் புல்வெளிக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். எல்லாம் பச்சை. ஓரத்தில் ஒன்றிரண்டு இலை பழுத்திருந்தது, அவ்வளவுதான்.

"ஏப்ரல் கடைசிக்கு வரணும். அதோட, நீ தேடுற மரமெல்லாம் என்ன மாதிரி வந்தேறிங்க."

உண்மைதான். ஓக், எல்ம் எல்லாம் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் ஊர் நினைவுக்குக் கொண்டுவந்து நட்டவை. மண்ணின் மரமான யூகலிப்டஸ் குளிர் வருகிறதே என்று இலையைக் கொட்டி நிற்பதில்லை. அது உரிப்பது பட்டையைத்தான். அடிமரத்தில் பழைய தோல் நாடா நாடாவாகத் தொங்க, உள்ளே வெளிர்சாம்பலும் மஞ்சளுமாகப் புதுத்தோல் தெரிகிறது.

அப்படியானால் இந்த மண்ணில் மார்ச் மாதத்துக்கு என்ன அடையாளம்? மெல்பர்ன் வட்டாரத்தின் ஆதிகுடிகளான குலின் மக்களுக்குப் பருவம் நான்கு அல்ல, ஏழு. நம் முன்னோர் கார், கூதிர் என்று ஆறாகப் பிரித்தது போல, அவர்கள் எது பூக்கிறது, எது கொழுக்கிறது என்று பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். மார்ச் மாதத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'யூக்'. விலாங்கு என்று பொருள். சுடுகாற்று ஓய்ந்து, விலாங்கு கொழுத்து, ஆற்றோடு கடலை நோக்கி இறங்குகிற பருவம்.

பூங்காவின் ஏரிக்கரைக்கு வந்தோம். யாரா ஆற்றை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நேராக வெட்டித் திருப்பியபோது ஒதுங்கிப்போன பழைய நீர்தான் இந்த ஏரியாம். கறுப்பு அன்னம் ஒன்று குஞ்சுகளோடு போனது. தோழி மரப்பாலத்தின் விளிம்பில் குந்தி, கீழே பார் என்றாள். தேநீர் நிறத் தண்ணீர். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, வேர் என்று நான் நினைத்த ஒன்று மெல்லத் திரும்பியது. என் கை நீளத்தைவிட அதிகம், மணிக்கட்டுப் பருமன். சின்னத் தலை, அவசரமே இல்லாத உடம்பு.

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுவது என்று நாம் திட்டப் பயன்படுத்துகிற பிராணி. அதன் கதையைக் கேட்டபிறகு எனக்குத் திட்ட மனம் வரவில்லை.

இந்தக் குறுந்துடுப்பு விலாங்கின் பெண் இனம் இருபது ஆண்டுகளுக்கு மேலும்கூட இப்படி ஓர் ஏரியிலோ ஓடையிலோ இருக்கும். இங்கேயே தின்று, இங்கேயே வளர்ந்து, பார்ப்பவருக்கு இந்த ஊர்க்காரியாகவே தெரியும். பிறகு ஓர் ஆண்டு உடம்பு மாறத் தொடங்கும். கண்கள் பெரிதாகும். குடல் சுருங்கும். தின்பதை நிறுத்திவிடும். மழை பெய்து தண்ணீர் ஏறும் இலையுதிர் காலத்து இரவுகளில் புறப்படும். வழியில் தண்ணீர் இல்லையென்றால் ஈரப்புல்லில் சிறிது தூரம் ஊர்ந்தும் போகும், தோலாலேயே மூச்சுவிட்டுக்கொள்ளும். நகரத்து மழைநீர்க் குழாய்க்குள் அவை போவதை என் தோழி வேலையிடத்தில் பார்த்திருக்கிறாள். "நாங்க குழாய் டிசைன் பண்றப்ப தண்ணிய மட்டுந்தான் நெனப்போம். இது அதுக்குள்ள பாதை கண்டுபிடிக்குது."

பயணம் பவளக் கடல் வரை, நியூ கலிடோனியா பக்கம். விக்டோரியா மாநிலத்திலிருந்து கணக்கிட்டால் 2,500 கிலோமீட்டருக்கும் மேல். போய், ஒரே ஒரு முறை முட்டையிட்டு, அங்கேயே இறந்துவிடும். குஞ்சுகள் இலை வடிவத்தில், கண்ணாடி போல ஒளி ஊடுருவும் உடம்போடு, கடல் நீரோட்டத்தில் மிதந்து தெற்கே வரும். தாய் இருந்த குளத்துக்கே வரும் என்பதில்லை. நீரோட்டம் எந்த ஆற்றின் வாயில் கொண்டு விடுகிறதோ அதில் ஏறி, அதைத் தன் ஊராக்கிக்கொள்ளும்.

இதே மாநிலத்தின் தென்மேற்கில் பட்ஜ் பிம் என்ற இடத்தில் குண்டிட்ஜ்மாரா மக்கள் எரிமலைக் கற்களை அடுக்கி வாய்க்கால் வெட்டி விலாங்கு வளர்த்திருக்கிறார்கள். அதன் பழைமை குறைந்தது 6,600 ஆண்டுகள். 2019இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அடுத்த முறை காடி எடுத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறாள்.

ஏரிக்கு அருகில் ஒரு பட்டமரம் உண்டு. 'பிரிவு மரம்' என்று பெயர். அதைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். நியூ சவுத் வேல்ஸிலிருந்து பிரிந்து விக்டோரியா தனிக் குடியேற்றமாகப் போகிறது என்ற செய்தி வந்ததும், 1850 நவம்பர் 15இல் மெல்பர்ன் மக்கள் இந்தச் செவ்வாற்று யூகலிப்டஸின் கீழே கூடிக் கொண்டாடினார்கள். பிரிவைக் கொண்டாட ஒரு மரம்! வெள்ளைக்காரர் இந்தக் கரைக்கு வருவதற்கு முன்பே நின்ற மரம். 2010இல் யாரோ அடிமரத்தின் பட்டையைச் சுற்றிலும் செதுக்கிவிட்டார்கள். தோட்டக்காரர்கள் போராடிப் பார்த்தார்கள். 2013இல் மறுபடியும் அதே வேலை. அதற்குப் பிறகு மரம் தேறவில்லை. அதன் விதையில் முளைத்த மரம் பக்கத்தில் நன்றாக வளர்ந்து நிற்கிறது.

அங்கே நின்றபோதுதான் தோழி சொன்னாள். குடியுரிமை மனுப் பாரத்தைப் பூர்த்தி செய்து ஏழு மாதமாகக் கணினியிலேயே வைத்திருக்கிறாளாம், அனுப்பவில்லை.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலேசியாவில் இரட்டைக் குடியுரிமைக்கு இடமில்லை. அங்கே உறுதிமொழி எடுத்தால் இங்கே சிவப்புக் கடப்பிதழையும் மைகார்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஓட்டுப் போடுவது கட்டாயம். அலுவலகத்தில் எல்லாரும் தேர்தலைப் பற்றிப் பேசும்போது இவள் மட்டும் வரி கட்டிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். சில அரசாங்க வேலைகளுக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. "குடியுரிமை குடுக்கிற அன்னிக்கு நிறைய கவுன்சில்ல கையில ஒரு செடி குடுப்பாங்க. இந்த ஊருச் செடி. அத வாங்கிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு எப்படிப் போன் அடிக்கிறது?"

நான் ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. வானொலியில் அந்த வேலையைத் தினமும் செய்கிறேன்.

ஏரிக்கரைச் சிற்றுண்டிக் கடையில் தேநீர் வாங்கி உட்கார்ந்தபோது மணி எட்டே முக்கால். கிள்ளானில் ஐந்தே முக்கால். அம்மாவிடமிருந்து அழைப்பு. தோட்டத்தில் பெரட்டுக்கு எழுந்து பழகிய உடம்பு, வேலையை விட்டு இருபது ஆண்டாகியும் அவருக்கு ஐந்து மணிக்கு மேல் தூக்கம் வராது. கைப்பேசியை என்னிடம் கொடுத்தாள்.

"என்னாம்மா, அங்க எல கொட்டுதா?"

"இன்னும் இல்லம்மா. பச்சையாதான் இருக்கு."

"எங்களுக்கு மாசி, பங்குனில கொட்டும். ரப்பர் மரம் செவந்து, அப்புறம் மொட்டையா நிக்கும். பாக்க அழகா இருக்கும். ஆனா பால் வராது, சம்பளம் பாதிதான். அப்பதான் தோட அடகு வெப்போம்."

நாள்காட்டிப் படத்தை விடுங்கள். நம் வீடுகளிலேயே ஓர் இலையுதிர் காலம் இருந்திருக்கிறது, நகைக்கடை ரசீதோடு.

அம்மா அடுத்துக் கேட்டது எங்கள் இருவரையும் உறைய வைத்தது. "அவ ஏதோ பாரம் போடணும்னு தம்பிகிட்ட சொன்னாளாமே, போட்டுட்டாளா?"

தோழி கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். ஒலிபெருக்கியில்தான் இருந்தது.

"இல்லம்மா, இன்னும் போடல."

"போட்டா, அந்த ஊரு பாஸ்போட்டுல வந்தா எத்தன நாள் இங்க இருக்க வுடுவாங்க?"

"தொண்ணூறு நாள்மா."

"இப்ப வர்றது பத்து நாளுதான?"

தோழி வாயைத் திறந்து மூடினாள். அதற்குள் அம்மா தீபாவளி டிக்கெட் விலைக்குப் போய்விட்டார். இப்போதே எடுத்தால் மலிவாம், பக்கத்து வீட்டுப் பையன் எடுத்துவிட்டானாம்.