மூன்றாவது வாரத்துக் கால்வலி

குளுவாங்கிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகன் ராணுவத்தில் சேர்ந்து அடிப்படைப் பயிற்சிக்குப் போயிருக்கிறான். முதல் இரண்டு வாரம் போனில் ஒரே உற்சாகம். விடியுமுன்னே எழுப்பிவிடுகிறார்கள், படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது, காவாட் அணிவகுப்பு பழகிப் பழகித் தொண்டை கட்டிக்கொண்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னவன், மூன்றாவது வாரம் குரல் இறங்கிப் பேசினானாம். வலது காலில், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஓரிடத்தில் விரலை வைத்தால் உயிர் போகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. கூட இருக்கும் பையன்கள் "நடிக்கிறான்" என்கிறார்கள். "நான் தோட்டத்துல பால் வெட்டி அவன வளர்த்தவ. சின்ன வயசுலேர்ந்து வலின்னு அவன் சும்மா சொன்னதே இல்ல சார். எக்ஸ்ரேயில தெரியாத வலின்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்கிறார்.

இருக்கிறது அம்மா. அதைச் சொல்லத்தான் இந்த வாரப் பக்கம் முழுவதும்.

மலேசியாவில் 2018-ல் கைவிடப்பட்ட தேசிய சேவைப் பயிற்சி 2025 ஜனவரியில் புது வடிவில் திரும்பி வந்தது. அதிலிருந்து முகாம் வாழ்க்கை பற்றிய பேச்சு வீட்டுக்கு வீடு நடக்கிறது. 2004-ல் தொடங்கியபோது மூன்று மாதம். இப்போது 45 நாள். "45 நாளில் பிள்ளை இரும்பாகிவிடுவான்" என்று சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான்: எந்த உறுப்பு? மூச்சு இரைப்பது சில வாரங்களில் குறையும். தசை இறுகும். தொப்பை கொஞ்சம் கரையும். எலும்பு மட்டும் அந்தக் கணக்குக்கு வராது. 45-ஆம் நாள் அணிவகுப்பில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற பையனின் கால் எலும்பு, அவன் முகாமுக்குள் நுழைந்த அன்று இருந்ததைவிடப் பலவீனமாகக்கூட இருக்கலாம்.

ஏன் என்று பார்ப்போம். நம் எலும்புக்கூட்டுக்குள் ஏறத்தாழ 4,200 கோடி செல்கள் குடியிருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனிப் பொந்தில் உட்கார்ந்துகொண்டு, மயிரிழையைவிட மெல்லிய கால்வாய்கள் வழியாகப் பக்கத்துப் பொந்துக்காரனின் கையைப் பிடித்திருக்கிறது. ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலில் ஏறுகிறது. முதல் வாரங்களில் தசை அதில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். களைத்த தசை தாங்காது. சுமையை எலும்பிடம் தள்ளிவிடும். அப்போது எலும்பில் நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. ஒரு கீறலின் நீளம் தலைமுடியின் பருமன் அளவுதான். ஆனால் அது அந்தக் கால்வாய்களை அறுத்துவிடுகிறது. தொடர்பு அறுந்த செல் சாகிறது. அந்தச் சாவே பழுது விழுந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ரசாயனச் செய்தியாகிறது.

செய்தி கிடைத்ததும் ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் வருகின்றன. பழுது பார்க்க வந்தவை முதலில் செய்கிற வேலை தோண்டுவது. கீறல் விழுந்த எலும்பின் மேல் பூசி மெழுக முடியாது. சொத்தைப் பல்லைக் குடைந்த பிறகே அடைக்க முடிகிற மாதிரி, கெட்ட பகுதியை எடுத்தால்தான் புதியது வைக்கலாம். இந்தச் செல்கள் அமிலத்தைச் சுரந்து சுண்ணாம்பைக் கரைக்கின்றன, நொதியைச் சுரந்து புரதத்தை அறுக்கின்றன. கால் மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் ஒரு சுரங்கம் எலும்புக்குள் நாள்தோறும் முன்னேறுகிறது. அதன் பின்னாலேயே ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் வந்து, சுவரிலிருந்து உள்நோக்கி வளையம் வளையமாகப் புது எலும்பை வைத்துக்கொண்டே போகின்றன. நடுவில் ரத்தக் குழாய்க்கு மட்டும் ஒரு துளை விடுகின்றன. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

சிக்கல் நாட்கணக்கில் இருக்கிறது. ஓரிடத்தில் தோண்டும் வேலை மூன்று நான்கு வாரத்தில் முடிகிறது. நிரப்பி முடிக்க மூன்று மாதம் ஆகிறது. நிரப்பியது கெட்டிப்பட அதற்கு மேலும் மாதங்கள். ஆக, பயிற்சியின் மூன்றாவது நான்காவது வாரத்தில் ஒரு பையனின் கால் எலும்பில் ஏராளமான சுரங்கங்கள் ஒரே சமயத்தில் திறந்து கிடக்கின்றன. நிரப்பும் வேலை இன்னும் சூடுபிடிக்கவில்லை. முகாமின் அட்டவணையோ அதே வாரத்தில்தான் தூரத்தையும் சுமையையும் கூட்டுகிறது. கீறல்கள் சேர்ந்து முறிவாவது அப்போதுதான்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டியவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் கத்தியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போகிறீர்கள். வெட்டு சில நொடி வேலை. மெல்லிய சீவல் ஒன்று விழுகிறது. அந்த இடத்தில் பட்டை மறுபடி ஊறி வர வருடக்கணக்கு. அதனால்தான் ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டு, ஒரு பக்கம் முடிந்தால் மறுபக்கம். கங்காணி கணக்கைக் கூட்டிக் காட்ட ஆசைப்பட்டு, ஊறாத பட்டையில் தினமும் கத்தியை வைக்கச் சொன்னால் என்ன ஆகும்? மரம் வெளியே பச்சையாகத்தான் நிற்கும், இலை வாடாது, தூரத்திலிருந்து பார்க்கிற துரைக்கு ஒன்றும் தெரியாது. வெட்டுப் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். முகாமில் எக்ஸ்ரே அந்தத் துரை. ஒப்பீட்டில் ஒரு பேதம் உண்டு: மரத்தை வெட்டுவது பாலுக்காக, எலும்பைத் தோண்டுவது அதன் நன்மைக்காக. ஊறுவதற்கு நாள் விட வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1984-ல் ரூபின், லான்யன் என்ற இருவர் பறவைகளின் சிறகு எலும்பில் கருவி பொருத்தி, ஒரு நாளைக்கு எத்தனை முறை அழுத்தினால் எலும்பு வளரும் என்று அளந்தார்கள். 36 முறை அழுத்தியபோது நன்றாக வளர்ந்தது. 1,800 முறை அழுத்தியபோதும் அதே வளர்ச்சிதான். 36-க்கு மேல் விழுந்த ஒவ்வோர் அழுத்தமும் எலும்புக்கு ஒரு பயனும் தரவில்லை. கீறல் மட்டும் எண்ணிக்கைக்குத் தக்கபடி கூடிக்கொண்டேதான் போகும். தண்டனையாக மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிடும் பயிற்றுநர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வரலாறு கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக: நெடுநடை போன வீரர்களின் வீங்கிய பாதத்தை 1855-லேயே பிரெய்ட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர் விவரித்துவிட்டார். சுல்தான் அபு பக்கார் ஜொகூருக்கென்று சொந்தப் படை அமைத்தது 1886-ல். அதற்கு 31 வருடம் முன்பே. அந்த வீக்கத்துக்குள் இருப்பது எலும்பு முறிவு என்பது எக்ஸ்ரே வந்த பிறகு, 1897-ல்தான் உறுதியானது.

இதைத் தடுக்க முடியுமா? முடியும், செலவும் அதிகமில்லை. 1980-களில் இஸ்ரேல் ராணுவத்தில் 295 புதியவர்களைக் கூர்ந்து கவனித்தபோது, 100-க்கு 31 பேருக்கு இந்த முறிவு இருந்தது. பின்னாளில் அங்கே நடை தூரத்தைக் குறைத்து, இரவில் ஆறு மணி நேரத் தூக்கத்தையும் கட்டாயமாக்கியதும் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. ஆஸ்திரேலிய ராணுவத்தில் பெண்களின் இடுப்பெலும்பு முறிந்துகொண்டிருந்தது. நடை வேகத்தை மணிக்கு 7.5 கிலோமீட்டரிலிருந்து 5-க்குக் குறைத்ததுதான் அங்கே பெரிய மாற்றம், முறிவு அரிதாகிவிட்டது. உயரமான ஆண்களின் எட்டுக்கு ஈடுகொடுக்கக் குட்டையான பெண்கள் காலை அகட்டி வைத்திருக்கிறார்கள், அதுவே முக்கியக் காரணமாகக் கருதப்பட்டது. ஜொகூர்க் கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சிங்கப்பூரின் தேக்கோங் தீவில் நடக்கும் ராணுவ அடிப்படைப் பயிற்சியில், நெடுநடை 4 கிலோமீட்டரில் தொடங்கிப் படிப்படியாக ஏறிக் கடைசியில்தான் 24 ஆகிறது. உடல்தகுதித் தேர்வில் தேறாதவர்களுக்குக் கூடுதல் வாரங்கள் உண்டு. எலும்பின் நாட்காட்டிக்கு இது கொஞ்சம் அருகே வருகிறது.

பால் மாவு விளம்பரக்காரர்கள் உடனே ஓடி வருவார்கள். அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த 5,201 பெண்களிடம் நடந்த சோதனையில் கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்த்துக் கொடுத்தபோது முறிவு 100-க்கு 20 குறைந்தது உண்மை. மீதி 80 குறையவில்லை என்பதும் உண்மை. அந்த டப்பா வாங்கும் பணத்துக்குப் பிள்ளைக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுங்கள். இஸ்ரேலில் பயிற்சிக்கு முன் இரண்டு வருடமாவது பந்து விளையாடியவர்களுக்கு இந்த முறிவு குறைவாக வந்திருக்கிறது. குதித்து, திரும்பி, நின்று, மறுபடி ஓடும் ஆட்டங்கள் எலும்பைத் தோண்டி நிரப்பும் வேலையை முன்கூட்டியே, நிதானமாகச் செய்துவைக்கின்றன.

இனி உங்கள் மகன். சுரங்கங்கள் திறந்திருக்கும் காலத்தில் எக்ஸ்ரேக்கு எதுவும் தெரியாது. கீறல் அவ்வளவு சிறியது. எம்.ஆர்.ஐ.-க்குத் தெரியும். அவனை மறுபடி மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். விரல் வைத்தால் வலிக்கும் அந்த ஒரே இடத்தைக் காட்டச் சொல்லுங்கள், ஓடினால் கூடுகிறது, படுத்தால் குறைகிறது என்றும் சொல்லச் சொல்லுங்கள். வலி என்றைக்காவது தொடை இடுக்குக்கு மாறினால் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. அங்கே முறிந்தால் அறுவைச் சிகிச்சை வரை போகலாம். கணைக்கால் என்றால் சில வாரம் ஓட்டமும் நெடுநடையும் இல்லாத ஓய்வு பெரும்பாலும் போதும்.

எம்.ஆர்.ஐ. கிடைக்கவில்லை என்றால் இரண்டு மூன்று வாரம் கழித்து அதே காலை மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். முதல் படத்தில் எலும்பின் ஓரம் கோடு போட்டது போல நேராக இருக்கும். இரண்டாவதில், அவன் விரல் வைத்துக் காட்டிய அதே இடத்தில், பஞ்சு ஒட்டிக்கொண்ட மாதிரி மங்கலான வெள்ளையாக ஒரு புடைப்பு தெரியலாம். அது புதிதாக ஊறி வரும் எலும்பு. அந்தப் படத்தை அவன் கூட இருக்கும் பையன்களுக்கும் காட்டச் சொல்லுங்கள்.