நாடா இல்லாத கேசட் பாடுவது எப்படி?

பழைய காரில் ஐபாட் பாட, டேப் டெக்கைக் கழற்ற வேண்டியதில்லை. வயர் தொங்கும் ஒரு கேசட் அடாப்டர் போதும். அதற்குள் நாடாவே கிடையாது. பிறகு எப்படிப் பாடுகிறது? டெக்கின் ஹெட், தன் முன்னால் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தைத்தான் மின்னழுத்தமாக மாற்றுகிறது. அந்தப் புலம் ஓடும் நாடாவிலிருந்து வந்தாலும், அசையாத கம்பிச்சுருளிலிருந்து வந்தாலும் அதற்கு ஒன்றுதான். ஐபாடின் மின்னோட்டம் அடாப்டரின் சுருளில் பாய்கிறது. எதிரே உள்ள ஹெட்டில் பாட்டு தூண்டப்படுகிறது. ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. உள்ளே சுழலும் பற்சக்கரங்கள், நாடா ஓடுவதாக டெக்கை நம்பவைக்க மட்டுமே.

வயரே இல்லாத எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் மேல் அல்லவா என்று கேட்கலாம். அதன் அலை சட்டப்படியே பலவீனமானது. நகருக்குள் நுழைந்ததும் வானொலி நிலையங்கள் அதை அமுக்கிவிடும். எஃப்எம் ஸ்டீரியோவில் ஒலியும் 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. அடாப்டரிலும் குறை உண்டு: அடாப்டரின் சுருளும் டெக்கின் ஹெட்டும் நேருக்கு நேர் பொருந்தாவிட்டால் கீச்சுத் தொனிகள் மங்கும். காரில் பிளேயரை நேரடியாக வயரால் இணைக்கும் ஆக்ஸ் துளை இருந்தால் அதுவே முதல் தேர்வு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே நேரத்தில் கார் சாக்கெட்டில் சார்ஜும் ஏற்றினால், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஓர் இரைச்சல் பல கார்களில் கேட்கும். பிளேயர் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது தவறு. தரை இணைப்பு இரண்டு வழியாகப் போய் ஒரு வளையமாகிறது. ஆல்டர்னேட்டரின் அலைவு அதன் வழியே பாட்டில் கலக்கிறது. சிறிய டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட ஐசொலேட்டர் அந்த வளையத்தை அறுக்கும். கேசட் அடாப்டருக்கு அது தேவையே இல்லை. அங்கே பாட்டு ஏற்கெனவே காந்தப்புலம் வழியாகத்தான் கடக்கிறது.