ஆட்டத்தை விட்டுப் போன சீட்டு யாருக்குச் சொந்தம்?

லீவு நாள் வந்தால் போதும், கூடத்தில் பாயை விரித்துப் போகிமான் சீட்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுகின்றன நம் வீட்டு வாண்டுகள். அரை மணி நேரம் அமைதி. அப்புறம்...

"அம்மா! இவன் என் சீட்டைத் தரமாட்டேங்கிறான்!"

"ஆட்டத்தை விட்டே போச்சுன்னு நீதானேடா ஒத்துண்டே!"

கரண்டியும் கையுமாக ஓடி வருகிற அம்மாவுக்கு யார் பக்கம் பேசுவதென்று புரிவதில்லை. அந்த ஒரு சீட்டுக்காக அப்பாவை எத்தனை நாள் நச்சரித்தானோ, பாவம்!

ரம்மியில் எல்லோருக்கும் பொதுவான கட்டு. இங்கே அப்படியில்லை, சகோதரிகளே. அவரவர் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்த சொந்தக் கட்டோடு ஆட வருகிறார்கள். தகராறுக்கு வேர் அதுதான்.

தோற்ற சீட்டு சாதாரணமாகக் கழித்த சீட்டுகளின் குவியலுக்குப் போகும். தாயக்கட்டத்தில் வெட்டுப்பட்ட காய் மாதிரி, வழி கிடைத்தால் மறுபடி உள்ளே வரலாம். இதைவிடக் கடுமையான தண்டனை, ஆட்டத்தை விட்டே விலக்குவது. சதுரங்கத்தில் வெட்டுப்பட்ட யானையைப் போல ஓரமாய்க் கிடக்க வேண்டியதுதான். ஆனால் ஆட்டம் முடிந்ததும் அந்த யானை நம் பெட்டிக்குத்தானே வருகிறது? சீட்டும் அப்படியே. விலக்கல் அந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும்தான்!

1993-ல் அமெரிக்காவில் ரிச்சர்டு கார்ஃபீல்டு உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' ஆட்டத்தில் முதலில் 'ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டது' என்றே சொல்லி வந்தார்கள். நீக்கிய சீட்டுகளில் பல, வேறு சீட்டுகளின் தயவால் திரும்பி வர ஆரம்பித்தன. அப்புறம் அது என்ன நீக்கம்? அதனால் 2009-ல் 'எக்ஸைல்', அதாவது நாடு கடத்தல், என்று பெயரை மாற்றினார்கள். ஜப்பானிய 'யூ-கி-ஓ'விலும் 2011-ல் ஆங்கிலச் சீட்டுகளில் இப்படிப் பெயர் மாறியது. போகிமானில் 'லாஸ்ட் ஸோன்' என்று ஓர் இடம் உண்டு. அங்கே போனது அந்த ஆட்டத்தில் திரும்பாது. பெயரைக் கேட்டால் பெரியவர்களே 'தொலைந்தது' என்றுதான் நினைப்போம். குழந்தையைக் குறை சொல்வானேன்?

நிஜமாகவே சீட்டு கைமாறுகிற விதியும் மேஜிக்கில் ஆரம்பத்தில் இருந்தது. ஆளுக்கொரு சீட்டைப் பந்தயமாக வைத்து, ஜெயித்தவர் இரண்டையும் வீட்டுக்கே கொண்டுபோகலாம். சூதாட்ட வாடை அடிக்கிறதல்லவா? நல்லவேளையாகப் பிற்பாடு அதைக் கைவிட்டு, போட்டிகளிலும் தடை செய்துவிட்டார்கள்.

போகிமானில் 'பரிசுச் சீட்டு' என்ற பெயரும் வம்பை விலைக்கு வாங்கும். 60 சீட்டுக் கட்டிலிருந்து ஆளுக்கு 6 சீட்டு தனியே கவிழ்த்து வைப்பார்கள். எதிராளியின் போகிமானை வீழ்த்தினால் அதிலிருந்து எடுக்கலாம். எடுப்பது தான் வைத்த சீட்டையே, எதிராளியுடையதை அல்ல. "நான் ஜெயிச்சேன், உன் சீட்டைக் கொடு" என்று உங்கள் பிள்ளை கேட்டால், கண்டிப்பாகத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

விலக்கிய சீட்டுகளுக்கென்று ஆளுக்கொரு சின்னத் தட்டு வைத்துவிடுங்கள். இனிஷியல் எழுத வேண்டாம், சீட்டின் மதிப்பு போய்விடும். அண்ணனுக்குச் சிவப்பு, தம்பிக்கு நீலம் என்று பிளாஸ்டிக் உறை வாங்கிப் போட்டால் கலந்தாலும் பிரித்துவிடலாம். பாயைச் சுருட்டும் முன் இருவரும் எண்ணட்டும். 60 வராவிட்டால் பாய்க்கு அடியிலும் பாருங்கள்.