கம்பியில் பறக்கும் குட்டி விமானம்
மோட்டாரும் பாட்டரியும் வாங்குவது எப்படி?

குட்டி விமானம் ஒன்று வட்டம் போடுகிறது. குட்டிக்கரணம் அடிக்கிறது. தலைகீழாகப் பறக்கிறது!

வட்டத்தின் நடுவே ஒரு மாணவி நிற்கிறாள். அவள் கையில் ஒரு பிடி. பிடியில் இருந்து விமானத்துக்கு இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள். பிடியைச் சாய்த்தால் வால் பலகை அசையும். விமானம் ஏறும், இறங்கும்.

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் இந்தப் பயிற்சி உண்டு.

முன்பு இதற்கு எண்ணெய் என்ஜின்தான். மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றுவார்கள். சத்தம் காதைத் துளைக்கும். இப்போது மின்சார மோட்டாரும் வந்துவிட்டது.

ஆனால், உச்சியில் மோட்டார் நின்றுவிட்டால்?

கம்பி தொய்ந்துவிடும். பிடியை எப்படிச் சாய்த்தாலும் விமானம் கேட்காது. பல நாள் உழைத்துச் செய்த விமானம் ஒரு நொடியில் தூள்!

எனவே, வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்.

முதலில் எடை

விமானத்தின் எடை என்ன? அதைப் பார்த்து விசிறி. விசிறியைப் பார்த்து மோட்டார். மோட்டாரைப் பார்த்து பாட்டரி. இந்த வரிசை மாறக்கூடாது.

ஏறக்குறைய 1¾ கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சுமார் 400 வாட் சக்தி வேண்டும். சிறிய மிக்சி ஓடும் சக்தி அது!

மோட்டார் மீது 'கே.வி.' என்று ஓர் எண் இருக்கும். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதே அது. விசிறி மாட்டினால் சுற்று குறையும்.

பாட்டரிக் கணக்கு

லித்தியம் பாட்டரியில் ஓர் அறைக்கு 3.7 வோல்ட். 5 அறைக்கு 18½ வோல்ட். 400 வாட்டை 18½-ஆல் வகுத்தால், சுமார் 22 ஆம்பியர். 5½ நிமிடம் பறக்க 2,000 மில்லி ஆம்பியர்-மணி செலவாகும்.

அப்படியானால் 2,000 அளவு பாட்டரி போதுமா?

போதாது! 2,500 வாங்குங்கள். சம்பளம் முழுவதையும் செலவழிக்கும் குடும்பம் உண்டா? ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் மிச்சம் இருக்கட்டும். அதற்காக 4,000 வாங்காதீர்கள். எடை கூடினால் விமானம் கரணம் அடிக்காது.

முதல் நாள் 2 நிமிடம் மட்டும் பறக்க விடுங்கள். பிறகு சார்ஜர் எவ்வளவு ஏற்றியது என்று பாருங்கள். உண்மைச் செலவு தெரிந்துவிடும்.

உப்பிய பாட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள். தீப்பிடிக்கும். சார்ஜ் ஏறும்போது ஆள் அருகில் இருக்க வேண்டும்.

எங்கே பறக்க விடுவது?

கம்பியின் நீளம் சுமார் 65 அடி. வட்டத்தின் குறுக்களவு 130 அடி.

புவனகிரிப் பக்கம் சம்பா அறுவடை முடிந்ததும் வயல்கள் வெட்டவெளியாகிவிடும். இடம் கிடைத்தது என்று உடனே இறங்கிவிடாதீர்கள். பம்ப் செட்டுக்குப் போகும் மின்கம்பி எங்கே என்று பாருங்கள்.

உங்கள் கையில் இருப்பது எஃகுக் கம்பி. அது மின்கம்பியைத் தொட்டால் உயிர் போகும்! மின்கம்பி அருகே விடவே கூடாது. இடி மின்னல் நேரத்திலும் கூடாது.

விமானம் உடைந்தால் மறுபடி செய்யலாம். பிள்ளையின் கையில் பிடியைக் கொடுக்கும் முன், பெரியவர்களே, ஒரு முறை தலை நிமிர்ந்து பாருங்கள்!