கிராண்டில் யார் பெயர்?

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இன்று கார் இல்லாமல் ஒரு குடும்பம் காலம் தள்ளுவது பெரும்பாடு. தோட்டத்து ஆளுக்குக் கார் எதற்கு என்று கேட்பவர்கள், செனவாங் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்து லிங்கிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு வீடு திரும்பிப் பார்க்கட்டும். அந்த நேரத்தில் பஸ் கிடைக்காது. மெயின் ரோட்டில் தோட்டத்துப் பெயர்ப்பலகை நிற்கும் இடத்திலிருந்து லயத்து வீடுகளுக்கு இன்னும் இரண்டு மூன்று கிலோமீட்டர் செம்மண் சாலை இருக்கும். இருபுறமும் செம்பனை. விளக்கு இருக்காது.

தாத்தா பாட்டி காலத்தில் இந்தச் சிக்கல் எழவில்லை. வேலை, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், மளிகைக் கடை, மருந்தகம் எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன. தூரத்துக் காட்டுக்கு வேலைக்குப் போக நிர்வாகத்தின் லோரி வரும். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891இல் போடப்பட்ட ரயில் பாதை சிலியாவ் வழியாக ஓடியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், லாபு, செண்டாயான் வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறின. பிள்ளைகள் பால்வெட்டுக் கத்தியை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனார்கள். வேலை வெளியே போனது, வீடு உள்ளேயே நின்றது. போர்ட்டிக்சன் பாதையில் பயணிகள் ரயில் நின்று பல காலம் ஆகிவிட்டது. கொமியூட்டர் ரயில் 2011இல் சுங்கை காடுட் வரையும், 2015இல் தம்பின் வரையும் நீண்டது நல்ல காரியம்தான். ஆனால் ஸ்டேஷனில் இறங்கியவர் தோட்டத்துக்கு எப்படிப் போவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

முதலில் வருவது மோட்டார்சைக்கிள். 150 சிசிக்கு உட்பட்டதற்கு ஆண்டுக்கு 2 வெள்ளி ரோட் டேக்ஸ், ஒரு லிட்டர் பெட்ரோலில் வெகுதூரம் ஓட்டம். ஆனால் மழையில் காய்ச்சலோடு கிடக்கும் குழந்தையை அதில் வைத்துச் சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாது. டயாலிசிஸ் முடிந்து தளர்ந்து வரும் அம்மாவைப் பின்னால் உட்கார வைக்க முடியாது. நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார்சைக்கிளில் போனவர்கள். கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஒரு பழைய கார் வாங்கத் தோட்டத்துக் குடும்பம் நினைப்பதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்.

ஒரு காலத்தில் கார் என்றால் துரை வைத்திருப்பார், பெரிய கிராணி வைத்திருப்பார். 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வந்தது. 1994இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. கோலாலம்பூர்க்காரர் புதிதாக வாங்கி ஓட்டி, அடுத்தவருக்கு விற்று, அவர் இன்னொருவருக்குத் தள்ளி, பதினைந்து இருபது ஆண்டு கழித்து அதே வண்டி கெமிஞ்சேயிலோ பகாவிலோ ஒரு லயத்து வீட்டு வாசலில் வந்து நிற்கும். சாகா, இஸ்வாரா, விரா, கஞ்சில், வீவா, பழைய மைவி என்று தோட்டங்களில் காணும் கார்கள் பெரும்பாலும் இவைதான்.

இவற்றையே வாங்கச் சொல்வேன். கஞ்சிலில் 660 அல்லது 850 சிசி, மூன்று சிலிண்டர். தீபகற்பத்தில் 1000 சிசி வரை ரோட் டேக்ஸ் ஆண்டுக்கு 20 வெள்ளி மட்டுமே. 1.3 சாகாவுக்கும் மைவிக்கும் 70 வெள்ளி, 1.5 விராவுக்கு 90 வெள்ளி. எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் சாமான் கிடைக்கும். புதுச் சாமானுக்குக் காசு போதாவிட்டால் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் பொத்தோங் கடையில் பழையது எடுத்து மாட்டலாம். சாகா, இஸ்வாரா, விரா மூன்றும் மிட்சுபிஷி வழி வந்தவை என்பதால் ஒன்றின் உறுப்புகளில் பல இன்னொன்றுக்கும் பொருந்தும். மைவிக்கும் 1000 சிசி வீவாவுக்கும் டைமிங் சங்கிலி. கஞ்சிலுக்கும் சாகாவுக்கும் பெல்ட். பெல்ட் வண்டியை வாங்கினால், பழைய முதலாளி எப்போது மாற்றினார் என்பதற்கு ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு, முதல் சம்பளத்திலேயே மாற்றிவிடுங்கள். அது ஓட்டத்தில் அறுந்தால் சில எஞ்ஜின்களில் வால்வுகள் வளைந்து, வாங்கிய விலைக்கு இணையாகச் செலவு வைக்கும்.

அதே விலைக்கு ஒரு பழைய ஐரோப்பிய காரோ, சிவிடி கியர் வைத்த புரோட்டோனோ கிடைக்கும்போது இளைஞர்களுக்கு ஆசை வரும். வேண்டாம். வாங்கும் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் பழுது பார்க்கும் விலை. அந்தக் கியர்பெட்டி படுத்துவிட்டால் வண்டி வீட்டு வாசலில் புல் முளைத்துக் கிடக்கும். பவர் விண்டோ இறங்கினால் ஏறாது என்று புரோட்டோனை ஊரே குறை சொல்லும். அது உண்மைதான், ஆனால் சிறு செலவு. கியர்பெட்டிக்கும் கண்ணாடிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

தோட்டத்தில் ஓடும் காருக்கென்று சில நோய்கள் உண்டு. பழம் ஏற்றும் லோரிகள் தோண்டிப்போட்ட குழிகளில் விழுந்து விழுந்து அப்சோபர், லோவர் ஆம், டை ராட் மூன்றும் நகரத்து வண்டியைவிடச் சீக்கிரம் தேயும். வறண்ட மாதங்களில் செம்மண் தூசி ஏர் ஃபில்டரை அடைத்துவிடும், எண்ணெய் மாற்றும்போதெல்லாம் அதைக் கழற்றித் தட்டிப் பார்க்க வேண்டும். போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களில் கடற்காற்றும் சேர்ந்துகொள்வதால் அடித்தகடு துருப்பிடிக்கும். இன்னொன்று எலி. செம்பனைப் பழத்துக்கு வரும் எலிகளைப் பிடிக்கத் தோட்ட நிர்வாகங்கள் ஆந்தைக்குக் கூடு கட்டி வைக்கின்றன. அந்த எலிகளே இரவில் சூடு தேடிப் பானட்டுக்குள் புகுந்து வயரைக் கடிக்கும். காலையில் வண்டி எடுக்காவிட்டால் பேட்டரியைப் பழிக்கும் முன் பானட்டைத் திறந்து வயர்களைப் பாருங்கள். இதற்கெல்லாம் மாதந்தோறும் ஒரு தொகை ஒதுக்கிவைக்கிற வீட்டில் பழைய கார் பத்து வருடம் உழைக்கும். ஒதுக்காத வீட்டில் பிரேக் தேய்ந்த வண்டியில் பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள். அதை நான் ஏழ்மை என்று சொல்லி மன்னிக்கமாட்டேன். டயரிலும் பிரேக்கிலும் சிக்கனம் கூடாது.

பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து அகற்ற வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. 2009இல் அந்தப் பேச்சு இரண்டு விதமாக வந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம், பத்து வயது தாண்டிய வண்டியைக் கொடுத்துப் புதிய புரோட்டோனோ பெரோடுவாவோ வாங்குவோருக்கு 5,000 வெள்ளி கழிவு என்று அரசாங்கம் திட்டம் போட்டது. அக்டோபரில் வந்த வாகனக் கொள்கை மறு ஆய்வு, 15 வயது தாண்டிய வண்டிகள் ரோட் டேக்ஸ் புதுப்பிக்க ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்றது. மக்கள் எதிர்ப்பில் அது சில நாட்களிலேயே கைவிடப்பட்டது. கைவிட்டது நியாயம். பத்து கிலோமீட்டருக்குள் வேறு வழியில்லாதவரிடம் வண்டியைப் பிடுங்குவதற்கு முன் அவருக்குப் பஸ் விட வேண்டும். பாதுகாப்பு முக்கியம் என்பவர்களுக்கும் என் பதில் இதுதான்.

உண்மையில் தோட்டத்து மக்களை இந்த விஷயத்தில் வீழ்த்துவது வண்டியின் வயது கிடையாது. காகிதம்தான் வீழ்த்துகிறது. அதிலும் ஒன்று, சாம்புங் பாயார்.

ஒருவர் வங்கிக் கடனில் கார் எடுத்திருப்பார். கட்ட முடியவில்லை. “அண்ணே, ஒரு தொகை கையில குடுங்க, மாசா மாசம் நீங்க கட்டுங்க, வண்டிய நீங்க வெச்சிக்கிங்க” என்பார். கிராண்ட் என்கிற வாகனப் பதிவு ஆவணம் அவர் பெயரில், கடன் அவர் பெயரில், இன்சூரன்சும் அவர் பெயரில். டௌன் பேமெண்டுக்குப் பெரிய தொகை இல்லாத, சம்பளச் சீட்டு இல்லாததால் வங்கி கடன் தர மறுத்த தோட்டத்து இளைஞனுக்கு இது வரம்போலத் தெரியும். சத்தியப்பிரமாண ஆணையரிடம் முத்திரை குத்திய ஒப்பந்தத்தைக் காட்டி நம்பிக்கை ஊட்டுவார்கள். அந்த முத்திரை கையெழுத்து யாருடையது என்பதற்குத்தான் சாட்சி. வண்டியை அது உங்களுக்குச் சொந்தமாக்காது. கடன் தீரும்வரை வண்டி வங்கியுடையது. வங்கிக்குச் சொல்லாமல் அதைக் கைமாற்றுவது சட்டத்துக்குப் புறம்பானது.

அடுத்து என்ன நடக்கும்? நீங்கள் கொடுத்த பணத்தை முதல் ஆள் வங்கியில் கட்டாமல் விட்டிருக்கலாம். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினால் வங்கி 21 நாள் அவகாசம் தந்து எழுத்துமூலம் எச்சரித்த பிறகே வண்டியை இழுக்க முடியும். முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவும் வேண்டும். நல்ல பாதுகாப்புதான். ஆனால் அந்த எச்சரிக்கைக் கடிதம் போவது கடன்காரர் வீட்டுக்கு. உங்கள் லயத்துக்கு அது வராது. ஒரு நாள் தொழிற்சாலை வாசலில் வண்டியைக் காணோம் என்று தேடும்போதுதான் உங்களுக்குத் தெரியும். ஸ்பேர் சாவியோடு முதல் ஆளே வந்து எடுத்துப்போவதும் நடக்கிறது. விபத்தில் வண்டி முழுதும் நொறுங்கினால் இன்சூரன்ஸ் தொகை வங்கிக்கும் அவருக்கும் போகும். இரண்டு வருடம் கட்டியவர் கையில் ஒன்றும் இருக்காது. கொடுத்தவரும் தப்புவதில்லை. வண்டி ஓட்டியவர் வாங்கிய சம்மன்களும் கட்டாத தவணைகளும் அவர் பெயரைக் கெடுத்து, அடுத்த கடனை அடைத்துவிடும். இருவருமே ஏழைகள், இருவருமே அழிகிறார்கள்.

இதற்கு நேர்வழி இருக்கிறது. வங்கியின் சம்மதத்தோடு கடன் உரிமையை இன்னொருவருக்கு மாற்ற அதே சட்டம் இடம் தருகிறது. முதல் ஆள் நல்லவர் என்றால் உங்களோடு வங்கிக்கு வரட்டும்.

சொந்தப் பெயரில் கடன் எடுப்பவர்களும் கணக்குப் போட வேண்டும். 20,000 வெள்ளியை நிலைவட்டி 4 விழுக்காட்டில் ஏழு வருடத்துக்கு எடுத்தால், வட்டி மட்டும் 5,600 வெள்ளி. மாதம் ஏறக்குறைய 305 வெள்ளி. 2025 பிப்ரவரியில் உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் இந்தத் தவணை, பெட்ரோல், இன்சூரன்ஸ், டயர் என்று போனால் வீட்டில் அரிசிப்பானை என்னாவது? குடிமக்களுக்கு 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து ரோன்95 லிட்டர் 1.99 வெள்ளிக்குக் கிடைத்தது, ஆனால் அது பெட்ரோல் செலவைத்தான் குறைத்தது, தவணையைக் குறைக்கவில்லை. போனஸ், சீட்டுப் பணம் என்று சேர்த்துக் கையில் இருக்கும் சில ஆயிரத்துக்குள் ஒரு கஞ்சிலோ சாகாவோ ரொக்கமாக வாங்குவதே தோட்டத்துச் சம்பளத்துக்கு ஏற்ற முடிவு. ஒன்பது வருடக் கடன் வரை எடுக்கலாம் என்று விற்பனையாளர் சொன்னால், அந்த ஒன்பதாவது வருடத்தில் வண்டி எந்த நிலையில் இருக்கும் என்று கேளுங்கள்.

வாங்கும்போது பகலில் பாருங்கள். சீட்பெல்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் சேற்றுக்கறை தெரியும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாமிலும் மற்ற இடங்களிலும் எண்ணற்ற கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கி, கழுவித் துடைத்து மறுபடி விலைக்கு வரும் வண்டிகள் உண்டு. தரைக்கம்பளத்தைத் தூக்கி வெல்டிங் கோடு இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டு வண்டியை வெட்டி ஒட்டியிருந்தால் அங்கே தெரியும். மீட்டரை நம்ப வேண்டாம், பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானத்தை நம்புங்கள். உங்கள் ஊர்ப் பட்டறைக்காரருக்கு ஐம்பது வெள்ளி கொடுத்துக் கூட அழைத்துப்போங்கள். விற்கும் தவ்கே முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பெயர் மாற்றத்துக்கு முன் வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமில் பி5 பரிசோதனை. எஞ்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் கிராண்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்பதை அவர்கள் அங்கே பார்ப்பார்கள். இன்சூரன்ஸ் உங்கள் பெயரில் எடுக்க வேண்டும். இழப்பீடு கோராததற்காக விற்பவருக்குக் கிடைக்கும் என்.சி.டி. கழிவு அவருக்கே உரியது, வண்டியோடு வராது. ஆகவே முதல் வருட இன்சூரன்ஸ் அவர் சொன்னதைவிடக் கூடும். அதற்கும் காசு எடுத்துவையுங்கள்.

தோட்டத்துக் கோயில் கமிட்டிகளும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் தொழிற்சங்கக் கிளைகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இளைஞர்களை உட்கார வைத்து இந்தக் காகித விவரங்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சட்டம் படித்தவர், வங்கியில் வேலை செய்பவர், பட்டறை வைத்திருப்பவர் என்று இதற்கு உதவக்கூடிய ஆட்கள் நம் தோட்டத்துப் பிள்ளைகளிலேயே இருக்கிறார்கள். அவர்களை அழையுங்கள்.

வாங்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுக்கும் முன் விற்பவரை அழைத்துக்கொண்டு சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜே.பி.ஜே.) கவுண்டருக்குப் போங்கள். உங்கள் பெயர் ஏறிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். கூட வர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.